சொல் மாறலாம், கணக்கு மாறலாகாது



நம் நாட்டுத் தமிழர் ஒருவர் மதுரைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைத்தெருவில் ஒரு சட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எத்தனை வெள்ளிங்க?" என்று கேட்கிறார். கடைக்காரர் விழிக்கிறார். "இது துணிக்கடை ஐயா, வெள்ளிச் சாமான் அடுத்த தெருவில் கிடைக்கும்" என்று வழிகாட்டுகிறார். கேட்டவர் பேசியதும் தமிழ். கடைக்காரர் பேசியதும் தமிழ். இலக்கணப் பிழை ஏதும் இல்லை. நாம் ரிங்கிட்டுக்குச் சொல்லும் வெள்ளி, அங்கே உலோகத்தைக் குறிக்கிறது. நல்லவேளையாகக் கடைக்காரர் விழித்தார். விழித்ததால் தவறு உடனே தெரிந்தது. சிரித்துவிட்டு இருவரும் சரிசெய்துகொண்டார்கள்.

அதே நண்பர் மறுநாள் காலை பத்து மணிக்கு ஒருவரைப் பார்த்து, "பசியாறிவிட்டீர்களா?" என்று கேட்கிறார். நமக்குப் பசியாறுதல் என்றால் காலையுணவு. எதிரே நின்றவரோ, தமக்குப் பசி இருக்கிறதா என்று கேட்கிறார் போலும் என எண்ணி, "ஆயிற்று, பசியில்லை" என்கிறார். இருவரும் தலையசைத்துப் பிரிகிறார்கள். யாரும் விழிக்கவில்லை. ஆனால் கேட்ட கேள்வி வேறு, விடை சொல்லப்பட்ட கேள்வி வேறு.

நேயர்களே, இந்த இரண்டு காட்சிகளையும் சற்று நேரம் மனத்தில் வைத்திருங்கள். ஒன்று, தவறு உடனே வெளிப்படுகிற காட்சி. மற்றொன்று, தவறு ஒலியில்லாமல் நழுவிப் போகிற காட்சி. கணினியில் ஒரு தரவுத்தளத்தின் நிரல்களை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றும்போது, இந்த இரண்டும் நிகழ்கின்றன. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்துள்ளேன்.

முதலில், தரவுத்தளம் என்றால் என்ன? தோட்டத்துக் கிராணியார் வைத்திருந்த பெயர்ப் பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் ஓர் ஆள். ஒவ்வொரு பத்தியிலும் பெயர், வேலை நாள், கூலி, முன்பணம். இவ்வாறு பத்தியும் வரியுமாக அமைந்த அட்டவணைகள் பலவற்றை ஒன்றோடொன்று தொடர்புபடுத்திக் கணினியில் வைத்திருப்பதே இன்று பெருவழக்கில் உள்ள தரவுத்தளம். இந்தக் கருத்துக்குக் கணித அடிப்படை தந்தவர் எட்கர் காட் என்னும் அறிஞர். ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர், 1970ஆம் ஆண்டில் இதைப் பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்பதற்கு ஒரு மொழி வேண்டுமல்லவா? அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவரும் 1974இல் சீக்குவல் என்னும் மொழியை அறிமுகப்படுத்தினார்கள். அதுவே பின்னர் எஸ்கியூஎல் என்று பெயர் சுருங்கியது.

இனி நடந்ததைக் கவனியுங்கள். ஆரக்கிள் என்னும் தரவுத்தளம் 1979இல் விற்பனைக்கு வந்துவிட்டது. எஸ்கியூஎல் மொழிக்கு அமெரிக்கத் தரநிலை ஏற்பட்டதோ 1986இல். உலகத் தரநிலை 1987இல். இலக்கண நூல் வருவதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பே பேச்சுவழக்கு வேரூன்றிவிட்டது என்று சொல்லலாம். மற்ற நிறுவனங்களும் தத்தமக்கு வேண்டிய சொற்களைச் சேர்த்துக்கொண்டன. ஆகவே எஸ்கியூஎல் என்னும் ஒரே மொழி பல வட்டார வழக்குகளாகப் பிரிந்து நிற்கிறது.

அவ்வழக்குகளுள் இன்னொன்று போஸ்ட்கிரெஸ்கியூஎல். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986இல் போஸ்ட்கிரெஸ் என்ற பெயரில் தொடங்கிய ஆய்வு அது. 1996 முதல் இன்றைய பெயரால் வழங்குகிறது. அதைப் பயன்படுத்த உரிமக் கட்டணம் இல்லை. அதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம். உரிமச் செலவைக் குறைக்க விரும்பும் நிறுவனங்கள் பல, ஆரக்கிளை விட்டுப் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கு மாற எண்ணுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

"அட்டவணையைத் தூக்கி அங்கே வைத்தால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். அட்டவணையில் உள்ள பெயரையும் எண்ணையும் மாற்றுவது அவ்வளவு கடினமன்று. ஆனால் தரவுத்தளத்துக்குள்ளேயே நிரல்களும் குடியிருக்கின்றன. மாதக் கடைசியில் வட்டி கணக்கிடும் நிரல். ஒருவர் பணம் கட்டியதும் நிலுவையைக் குறைக்கும் நிரல். கடிதத்துக்கு முகவரி கோத்துத் தரும் நிரல். ஆரக்கிளில் இவை பிஎல்/எஸ்கியூஎல் என்னும் மொழியில் எழுதப்படுகின்றன. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் அதன் சாயலில் அமைந்த பிஎல்/பிஜிஎஸ்கியூஎல் என்னும் மொழி உண்டு. சாயல் ஒன்று, ஆள் வேறு. பத்து, இருபது ஆண்டுகளாக எழுதிச் சேர்ந்த இந்த நிரல்களைப் பெயர்ப்பதே மாற்றத்தின் கடினமான பகுதி.

இதற்கு உதவும் கருவிகளுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் ஓரா2பிஜி. பிரான்சைச் சேர்ந்த ஜில் டாரோல் என்பவர் பெர்ல் என்னும் நிரல்மொழியில் எழுதி 2001இல் முதன்முதலாக வெளியிட்ட கருவி இது. இதுவும் கட்டணமின்றிக் கிடைப்பது. இதற்குப் படங்களும் பொத்தான்களும் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளையைத் தட்டெழுதி, நுழைவு விசையை அழுத்த வேண்டும். இதைத்தான் கட்டளை வரிக் கருவி என்கிறோம்.

பொத்தான் இல்லாதது குறையன்றோ என்று தோன்றலாம். உண்மையில் இவ்வேலைக்கு அது நிறையாகவே அமைகிறது. பொத்தானை அழுத்தியவர் நேற்று எதை அழுத்தினார் என்பது இன்று அவருக்கே மறந்துவிடும். கட்டளையோ எழுத்து வடிவில் இருக்கிறது. அதை ஒரு கோப்பில் எழுதி வைக்கலாம். மற்றவர் படித்துப் பார்த்துக் குறை சொல்லலாம். அதே கட்டளையை நாற்பது முறை, சிறிதும் மாறாமல் ஓட்டலாம். தரவுத்தள மாற்றம் என்பது ஒரே நாளில் நடந்து முடியும் காரியமன்று. நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பதுபோலத் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்க்க வேண்டிய காரியம். ஒவ்வோர் ஒத்திகையும் முந்தியதைப் போலவே நடந்தால்தான், திருத்தியது திருந்தியதா என்று அறிய முடியும்.

விளக்கத்துக்காக ஒரு கூட்டுறவுச் சங்கத்தைக் கற்பனை செய்துகொள்வோம். சில ஆயிரம் உறுப்பினர்கள். பலர் தோட்டங்களிலிருந்து பட்டணத்துக்குக் குடிவந்தவர்கள். சிலர் இன்னும் லயத்து வீடுகளிலேயே இருப்பவர்கள். பங்குத் தொகை, கடன், ஆண்டுதோறும் இலாப ஈவு, இவையெல்லாம் ஆரக்கிளில் இருக்கின்றன. சங்கம் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கு மாற முடிவு செய்கிறது.

முதற்படி, வேலைக்கான இடத்தை ஒழுங்கு செய்தல். ஓரா2பிஜியிடம் ஒரு புதிய திட்டத்தைத் தொடங்கும்படி கட்டளையிட்டால், அது தேவையான கோப்புறைகளைத் தானே அமைத்துத் தருகிறது. மூல நிரல்களுக்கு ஓரிடம், மாற்றிய நிரல்களுக்கு ஓரிடம், தரவுக்கு ஓரிடம், அறிக்கைகளுக்கு ஓரிடம். அமைப்புக் கோப்பு என்ற ஒன்றும் உண்டு. எந்தத் தரவுத்தளத்தோடு இணைய வேண்டும், எந்தப் பயனர் பெயரில், எந்தப் பகுதியை எடுக்க வேண்டும் என்பனவற்றை அதில் எழுதுகிறோம். கடவுச்சொல்லும் அக்கோப்பில் இருக்கக்கூடும். ஆகவே அதைப் பலர் கையில் படும்படி விடலாகாது.

இரண்டாம் படி, மாற்றத் தொடங்குமுன் அளந்து பார்த்தல். ஆழமறியாமல் காலை விடாதே என்பார்கள் அல்லவா? கட்டளை இது: "ஓரா2பிஜி", ஓர் இடைவெளி, ஒரு சிறுகோடு, "டி" என்னும் எழுத்து, பிறகு "ஷோ ரிப்போர்ட்", இறுதியில் இரண்டு சிறுகோடுகளும் "எஸ்டிமேட் காஸ்ட்" என்பதும். விசைப்பலகையில் இவற்றை ஆங்கில எழுத்துகளால், சொற்களுக்கிடையே அடிக்கோடிட்டுத் தட்ட வேண்டும். இக்கட்டளை எதையும் மாற்றுவதில்லை. பழைய தரவுத்தளத்தைச் சுற்றிப் பார்த்து, எத்தனை அட்டவணை, எத்தனை நிரல், எவை எளியவை, எவை கடினமானவை என்று ஓர் அறிக்கை தருகிறது. கடினத்தை அலகுகளாக எண்ணிச் சொல்கிறது. ஓர் அலகு என்பது அனுபவசாலி ஒருவருக்கு ஐந்து நிமிட வேலை என்று கருவி இயல்பாகக் கொள்கிறது. நம் ஆட்களின் பழக்கத்துக்கு ஏற்ப அதை நாம் கூட்டிக்கொள்ளலாம். முடிவில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்த மதிப்பெண் கிடைக்கும். ஏ என்றால் ஏறத்தாழத் தானாகவே மாறிவிடும்; பி, சி என்றால் கையால் திருத்தி எழுத வேண்டியது உண்டு, அவற்றுள் சி கூடுதல் நாள் பிடிப்பது. எண் 1 மிக எளிது. 5 மிகக் கடினம். சங்க நிருவாகக் குழுவின் முன் போய், "இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்வதைவிட, இந்த அறிக்கையைக் காட்டிப் பேசுவது நேர்மையானது.

மூன்றாம் படி, மாற்றுதல். அட்டவணை, தரவு, செயற்கூறு, செயல்முறை, தொகுப்பு என்று ஒவ்வொரு வகையையும் தனித்தனிக் கட்டளையால் எடுக்கலாம். கருவி பழைய நிரலைப் படித்து, புதிய வழக்கில் எழுதிய கோப்பைத் தருகிறது. அதை நாம் திறந்து படிக்கலாம். ஆரக்கிளில் காலியாக இருப்பதற்கு மாற்று மதிப்புத் தரும் சொல் என்விஎல். அது கோஅலஸ் என்று மாறியிருக்கும். டிகோட் என்பது கேஸ் ஆகியிருக்கும். வார்சார்2 என்னும் எழுத்துவகை, வார்சார் ஆகியிருக்கும். பழைய ஆரக்கிள் நிரல்களில் இரண்டு அட்டவணைகளை இணைக்கக் கூட்டல் குறியை அடைப்புக்குள் இடும் வழக்கம் உண்டு. அது லெஃப்ட் ஜாயின் என்று விரிந்திருக்கும். ஆரக்கிளில் பல நிரல்களை ஒரு மூட்டையாகக் கட்டிய தொகுப்பு, போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் இல்லை. ஆகவே அதன் பெயரில் ஒரு தனிப் பிரிவை உண்டாக்கி, நிரல்களை அதற்குள் வைக்கிறது கருவி. ஆயிரக்கணக்கான வரிகளில் இந்தச் சில்லறை மாற்றங்களை மனிதர் செய்தால் கண் சோர்ந்துவிடும், கருவி சோர்வதில்லை. இதற்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் நேயர்களே, இங்கேதான் மதுரைக் கடைத்தெருவை நினைவுகூர வேண்டும். சொல் மாறிவிட்டது, பொருள் மாறாமல் இருக்கிறதா?

முதலில், கடைக்காரர் விழித்த காட்சிக்கு ஒப்பானதைப் பார்ப்போம். கடன் எத்தனை நாள் தாமதம் என்று கணக்கிடும் நிரல் ஒன்று. ஆரக்கிளில் ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதியைக் கழித்தால் விடை ஓர் எண். பதினான்கு என்றால் பதினான்கு நாள். ஆரக்கிளின் தேதி வகைக்குள் மணி, நிமிடம், வினாடியும் இருப்பதால், அவை தொலைந்துவிடாதபடி கருவி அதை நேரத்தோடு கூடிய தேதி வகையாக மாற்றுகிறது. அது சரியான முடிவே. ஆனால் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் அவ்வகை இரண்டைக் கழித்தால் கிடைப்பது எண்ணன்று; கால இடைவெளி என்னும் தனிவகை. அதை எண் வைக்கும் இடத்தில் வைக்க முயன்றால் நிரல் பிழை கூறி நின்றுவிடும். நின்றுவிடுவது நமக்கு எரிச்சலாக இருக்கலாம். ஆயினும் அது கடைக்காரர் விழித்ததைப் போன்ற நன்மை. எங்கே தவறு என்று சுட்டிக்காட்டிவிட்டதே!

இதில் ஒரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். புதிய தரவுத்தளத்தில் நிரலை ஏற்றும்போது, "உருவாக்கப்பட்டது" என்று ஒரு செய்தி வரும். அதைக் கண்டதும் பலர் வேலை முடிந்தது என்று மகிழ்வார்கள். பிஎல்/பிஜிஎஸ்கியூஎல்லில் ஏற்றும் நேரத்தில் பார்க்கப்படுவது, பெரும்பாலும் வாக்கிய அமைப்பு மட்டுமே. உள்ளே குறிப்பிட்ட அட்டவணை உண்மையில் உண்டா, வகைகள் பொருந்துமா என்பன, அந்த வரி ஓடும்போதுதான் தெரியவரும். ஆண்டுக்கு ஒருமுறை ஓடும் இலாப ஈவு நிரலில் உள்ள பிழை, அந்த ஒருநாள் வரையில் உறங்கிக்கொண்டிருக்கும். ஓட்டாமலே உள்ளே சோதித்துப் பார்க்க பிஎல்பிஜிஎஸ்கியூஎல் செக் என்ற துணைக்கருவி ஒன்று உண்டு. அதைப் பயன்படுத்துவதோடு, ஒவ்வொரு நிரலையும் ஒருமுறையேனும் ஓட்டிப் பார்ப்பதே முறை.

இனி, யாரும் விழிக்காத காட்சிக்கு வருவோம். இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறேன்.

முதலாவது இலாப ஈவு. ஓர் உறுப்பினரின் பங்குத் தொகை 450 ரிங்கிட். ஈவு நூற்றுக்கு 7. 450ஐ 7ஆல் பெருக்கினால் 3,150. அதை 100ஆல் வகுத்தால் 31 ரிங்கிட் 50 சென். பள்ளிப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். ஆரக்கிளும் அவ்வாறே சொல்லும். ஆனால் பழைய அட்டவணையில் பங்குத் தொகை, புள்ளியில்லாத பத்து இலக்க எண் என்று அறிவிக்கப்பட்டிருந்தால், கருவி தன் இயல்பான அமைப்பில் அதை முழு எண் வகையாக மாற்றும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணே, மீதி கைவிடப்படும். ஆக, விடை 31. ஐம்பது சென் காணாமற்போய்விட்டது. பிழைச் செய்தி இல்லை. நிரல் நிற்கவில்லை. அறிக்கை அழகாக அச்சாகி வருகிறது. 31 ரிங்கிட் என்பது பார்வைக்கு நம்பத்தக்க தொகையாகவே இருக்கிறது. ஒருவருக்கு ஐம்பது சென் சிறிதுதான். சில ஆயிரம் பேருக்கு, ஆண்டுதோறும் என்றால் சிறிதன்று. தொகை சிறிதோ பெரிதோ, சங்கம் தன் உறுப்பினருக்குத் தர வேண்டியதைத் தரவில்லை என்பதே பொருள்.

இதற்குப் பரிகாரம் உண்டு. எண்களைத் தசமம் தாங்கும் நியூமெரிக் வகையிலேயே வைத்திருக்கும்படி அமைப்புக் கோப்பில் சொல்லலாம். அல்லது வகுக்கும் இடத்தில் வகையை மாற்றி எழுதலாம். காசு தொடர்பான பத்திகளைத் தோராய எண் வகைகளில் ஒருபோதும் வைக்கலாகாது. வேகம் சற்றுக் குறைந்தாலும் துல்லியமான வகையே வேண்டும். ஆனால் எங்கே பரிகாரம் தேவை என்பதைக் கருவி நமக்குச் சொல்லாது. எந்தப் பத்தி காசு, எந்தப் பத்தி தலை எண்ணிக்கை என்பது அதற்குத் தெரியாது. அது சங்கத்தின் கணக்கை அறிந்தவருக்கே தெரியும்.

இரண்டாவது எடுத்துக்காட்டு முகவரி. உறுப்பினர்களுக்குக் கடிதம் அனுப்ப, வீட்டு எண், சாலைப் பெயர், தாமான் பெயர், அஞ்சல் குறியீடு, ஊர் என்று ஐந்து பகுதிகளை ஒன்றாகக் கோக்கும் நிரல் இருக்கிறது. தாமானில் குடியிருப்பவருக்கு ஐந்தும் இருக்கும். தோட்டத்து லயத்தில் இருப்பவருக்குச் சாலைப் பெயர் ஏது? அந்த இடம் காலி. தரவுத்தளத்தில் மதிப்பே இல்லாத நிலையை நல் என்கிறார்கள். ஆரக்கிளில் நான்கு சொற்களோடு ஒரு நல்லைச் சேர்த்தால், நான்கு சொற்களும் அப்படியே இருக்கும். காலியிடம் காலியாகவே போகும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லிலோ, இணைப்புக் குறியால் கோக்கும்போது ஒன்று நல் என்றால் மொத்தமும் நல். தெரியாத ஒன்றைச் சேர்த்தால் முழுவதும் தெரியாததே என்பது அதன் நியாயம். தரநிலையும் அதையே சொல்கிறது. விளைவு என்ன? சாலைப் பெயர் இல்லாதவரின் முழு முகவரியும் மறைந்துவிடும். அவருக்குக் கடிதம் போகாது. இங்கேயும் பிழைச் செய்தி இல்லை.

வெற்றுச் சொல்லுக்கும் நல்லுக்கும் ஆரக்கிள் வேறுபாடு பார்ப்பதில்லை, போஸ்ட்கிரெஸ்கியூஎல் பார்க்கும். இதை அறிந்தே ஓரா2பிஜியில் ஓர் அமைப்பு வைத்திருக்கிறார்கள். அதை இட்டால், காலியா என்று சோதிக்கும் வரிகளை இரண்டு நிலைக்கும் பொருந்துமாறு அது மாற்றி எழுதும். ஆயினும், சொற்களைக் கோக்கும் ஒவ்வோரிடத்தையும் நாம் தேடிப்பார்த்து, கோஅலஸ் இட்டோ, நல்லைப் பொருட்படுத்தாத கான்கேட் என்னும் செயற்கூற்றால் கோத்தோ உறுதிசெய்வதே பாதுகாப்பு.

இங்கே ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். பதிவேட்டில் காலியிடம் யாருக்கு இருக்கிறது? எல்லாம் ஒழுங்காக அமைந்தவருக்கு இல்லை. சாலைப் பெயர் இல்லாதவர், தொலைபேசி இல்லாதவர், தந்தை பெயர் பதியப்படாதவர், பிறந்த தேதி சரியாகத் தெரியாத மூதாட்டி, இவர்களுக்குத்தான் காலியிடங்கள் மிகுதி. மாற்று வேலை செய்வோர் சோதனைக்கு எடுத்துக்கொள்வதோ பெரும்பாலும் தங்கள் பெயரையும் தங்கள் முகவரியையும். அவை நிறைவாக இருக்கும். சோதனை வெற்றி என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஒலியில்லாத தவறு, ஒலியெழுப்ப இயலாதவர் மேல்தான் போய் விழும். கடிதம் வராதவர், தமக்கு ஒரு கடிதம் வந்திருக்க வேண்டும் என்பதை எவ்வாறு அறிவார்?

ஆகவே நான்காம் படியாகிய சரிபார்த்தலே முடிவான படி. இதிலும் ஓரா2பிஜி ஓரளவு துணை நிற்கிறது. டெஸ்ட் என்னும் கட்டளை, பழைய தரவுத்தளத்தில் உள்ள அட்டவணை, குறியீட்டு அட்டவணை, செயற்கூறு முதலியவை புதியதிலும் அதே எண்ணிக்கையில் உள்ளனவா என்று ஒப்பிடும். டெஸ்ட் கவுண்ட் என்பது ஒவ்வோர் அட்டவணையின் வரிகளை எண்ணி ஒப்பிடும். இவை தேவை, ஆனால் போதா. நெல் மூட்டைகளை எண்ணிவிட்டால், உள்ளே நெல்தான் இருக்கிறது என்று ஆகிவிடாது அல்லவா?

போதுமான சோதனை எது? பழைய தரவுத்தளம் இன்னும் உயிரோடு இருக்கும்போதே, சென்ற ஆண்டின் இலாப ஈவைப் பழையதிலும் புதியதிலும் கணக்கிடுங்கள். இரண்டு பட்டியலையும் கோப்புகளாக எடுத்து, வரிக்கு வரி, சென்னுக்குச் சென் ஒப்பிடுங்கள். கோப்புகளை ஒப்பிடவும் கட்டளை வரிக் கருவிகள் உண்டு; டிஃப் என்பது அவற்றுள் ஒன்று. ஒரு வரி வேறுபட்டாலும் ஏன் என்று கண்டுபிடிக்கும் வரை நகராதீர்கள். மொத்தத் தொகை பொருந்துகிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். ஒருவருக்குக் கூடியதும் இன்னொருவருக்குக் குறைந்ததும் மொத்தத்தில் மறைந்துவிடும். சோதனைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது, பதிவில் மிகுதியான காலியிடம் உள்ளவர்களைத் தேடி எடுங்கள். நள்ளிரவுக்குச் சற்று முன்னும் பின்னும் பதிந்த கணக்குகளையும், பிப்ரவரி 29ஆம் தேதிப் பதிவுகளையும் எடுங்கள். சங்கத்தில் நெடுநாள் வேலை பார்த்த கிராணியாரை அழைத்துப் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரு வரி நிரல்கூடத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் பட்டியலைப் பார்த்ததும், "இவருக்கு எப்போதும் ஐம்பது சென் சேர்ந்து வருமே, அது எங்கே?" என்று கேட்பவர் அவராகத்தான் இருப்பார்.

வேறுபாடு கண்டால், கருவி தந்த கோப்பைக் கையால் திருத்திவிட்டு மறந்துவிடாதீர்கள். மறுபடி கட்டளையை ஓட்டும்போது உங்கள் திருத்தம் அழிந்து, பழைய பிழை திரும்பி வரும். அமைப்புக் கோப்பில் திருத்தக்கூடியதை அங்கே திருத்துங்கள். கையால் திருத்தியதைத் தனிக் கோப்பில், காரணத்தோடு எழுதி வையுங்கள். உங்களுக்குப் பின் வருபவருக்கு அது வழிகாட்டியாகும்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இதைக் கற்றுக்கொள்ளப் பெரிய நிறுவனத்தில் வேலை கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. போஸ்ட்கிரெஸ்கியூஎல் இலவசமாகக் கிடைக்கிறது, ஓரா2பிஜியும் அவ்வாறே. ஆரக்கிளோடு இணையாமலே, ஒரு கோப்பில் எழுதிய ஆரக்கிள் நிரலை மட்டும் கொடுத்து மாற்றிப் பார்க்கவும் இக்கருவி இடந்தருகிறது. பத்து வரியில் ஒரு செயற்கூறு எழுதுங்கள். மாற்றிப் பாருங்கள். பழைய வரியையும் புதிய வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் தேடுங்கள். இரண்டு மொழி அறிந்தவருக்குத் தம் தாய்மொழியே கூடுதலாக விளங்குவதுபோல, இரண்டு தரவுத்தளம் அறிந்தவருக்கு ஒவ்வொன்றின் இயல்பும் நன்றாக விளங்கும்.

சுருங்கக் கூறின், கருவியின் வேலை சொல்லைப் பெயர்ப்பது. அதைக் கருவி நம்மைவிட வேகமாகவும் சோர்வின்றியும் செய்யும். பொருளைக் காப்பது மனிதரின் வேலை. பிழை கூறி நிற்கும் நிரலைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது விழித்த கடைக்காரர். பிழை கூறாமல் தலையசைத்துச் செல்லும் நிரலிடத்தில்தான் நாம் விழித்திருக்க வேண்டும். பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு வரியும் ஓர் ஆள் என்பதையும், அந்த வரியில் உள்ள ஐம்பது சென் அவருடையது என்பதையும் மறவாதவரே, இந்த வேலைக்குத் தகுதியுடையவர்.